ஸ்ரெல்லா அக்காவின் கணித அறை

போன மாதம் எங்கள் பாடசாலைக்கு ஒரு நீளமான சுருள் வந்தது. பிரித்தால் உள்ளே பிளெக்ஸில் அச்சடித்த பதாகைகள். எல்லாம் கணிதம். ஆசிரியர் ஓய்வறைத் தரையில் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தோம். பளபளவென்று இருந்தன, குறை சொல்ல மனம் வரவில்லை. பைதகரசின் தேற்றத்துக்கு ஒரு வீட்டுச் சுவரில் ஏணியைச் சாய்த்து வரைந்திருந்தார்கள். அந்த வீட்டுக் கூரையில் பனி கொட்டிக் கிடந்தது. மன்னாரில் கூரைமேல் பனி கொட்டினால் பிள்ளைகள் முக்கோணியைப் பார்ப்பார்களா, கூரையைப் பார்ப்பார்களா என்று ஒரு இளம் ரீச்சர் கேட்டார். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

ஆனால் சுருளை விரித்தபோது எழுந்த பிளாஸ்ரிக் மணம் மூக்கில் ஏறியதும் எனக்கு அதற்கு நேரெதிரான ஒரு மணம் ஞாபகத்துக்கு வந்துவிட்டது. கோதுமை மாவைத் தண்ணீரில் கரைத்து, பூச்சி அரிக்காமலிருக்க நஞ்சாக நீலத் துருசுத் தூள் ஒரு சிட்டிகை போட்டு, பழைய பால்மாப் பேணியில் காய்ச்சுகிற பசையின் மணம். நல்ல மணமென்று அதை யாரும் சொல்லமாட்டார்கள். கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் தீய்ந்த வாடை. எனக்கு அது ஸ்ரெல்லா அக்காவின் மணம்.

என் முதல் நியமனம் பேசாலைக்கு அப்பால் ஒரு சின்னக் கரையோரக் கிராமத்துப் பள்ளிக்கூடத்தில். ஊரின் பெயர் வேண்டாம், விடுங்கள். நான் முருங்கன் பக்கத்து வயல்காரரின் மகள். கடல் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கால் நனைத்த தண்ணீர், அவ்வளவுதான். இரண்டு பஸ் மாறிப் போய் இறங்கிய முதல் நாளே சேலைக் கரையெல்லாம் மணல். பத்தாம் வகுப்புக்குள் போனேன். பட்டப் படிப்பில் நான் கணிதத்தில் நல்ல பெறுபேறு எடுத்தவள். அந்த நினைப்பு முதல் வாரத்திலேயே கரைந்துவிட்டது.

திசைகொண்ட எண்கள் படிப்பிக்க வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே போகிற மறை எண்ணை ஊரோடு பொருத்திக் காட்டலாமென்று கரும்பலகையில் ஒரு கோடு கீறினேன். மேலே வானம், கீழே கடல். கடலுக்குள் ஒரு மீன் வரைந்தேன். வகுப்பு அமைதியாகப் பார்த்தது. பிறகு பின்வாங்கிலிருந்து ஒரு பெண்பிள்ளை மரியாதையாக எழும்பி, "ரீச்சர், பல்லி ஏன் தண்ணிக்குள்ள நிக்குது?" என்று கேட்டாள்.

அந்தச் சிரிப்பில் வகுப்பறைக்கு வெளியே இருந்தும் ஒரு சிரிப்பு சேர்ந்துகொண்டது. வாசலில் ஒரு பெண் நின்றிருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். தூக்கிக் கட்டிய கொண்டை, கையில் சாயம் படிந்த துணி. "குறை நினையாதேங்கோ ரீச்சர்" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்து, வெண்கட்டியை வாங்கி, என் பல்லியின் மேல் நாலு கோடு போட்டார். அது வாலை வளைத்துக்கொண்டு நீந்துகிற பாரை மீனாகிவிட்டது. அவர்தான் சித்திர ரீச்சர், ஸ்ரெல்லா.

எங்கள் கூட்டு அப்படித் தொடங்கியது. நான் கணக்கைச் சொல்வேன், அவர் அதற்கு ஓர் உருவம் கண்டுபிடிப்பார். பள்ளிக்கூடத்தின் கடைசியில் உடைந்த கதிரைகளும் சண்டைக் காலத்துத் தறப்பாள்களும் அடைந்துகிடந்த ஓர் அறை இருந்தது. அதிபரிடம் கேட்டோம். "பாம்பு இருந்தா நான் பொறுப்பில்லை" என்று சொல்லித் திறப்பைத் தந்தார். பாம்பு இருக்கவில்லை. ஒரு நாயும் அதன் ஐந்து குட்டிகளும் இருந்தன. குட்டிகள் கண் திறந்து வெளியே போகும்வரை இரண்டு கிழமை காத்திருந்தோம், பிறகு சுண்ணாம்பு அடித்தோம்.

அந்த அறையை இப்போதும் கண்ணை மூடிக்கொண்டு சுற்றி வரலாம். வாசலுக்கு எதிர்ச் சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஓர் எண்கோடு. நிமிர்ந்து நிற்கிற எண்கோடு. நடுவில் பூச்சியம், அதுதான் கடல் மட்டம். அதற்கு மேலே கொக்கு, பனைமரம், கோயில் கோபுரத்துச் சிலுவை. கீழே மறை எண்கள். மறை இரண்டில் நண்டு, மறை ஐந்தில் திருக்கை. மறை ஏழில் ஒரு மனிதன், இடுப்பில் வலைப்பையோடு தலைகீழாகக் கீழே போய்க்கொண்டிருந்தான்.

"ஆர் அக்கா இது?" என்று கேட்டேன்.

"எங்கட அப்பா. சங்கு குளிக்கப் போறவர். ரெண்டு கையும் விரிச்ச நீளம் ஒரு பாகம், அப்பிடி ஏழு பாகம் இறங்குவார்." ஸ்ரெல்லா அக்கா தூரிகையைக் கழுவிக்கொண்டே சொன்னார். "பிள்ளை, அப்பா மறை ஏழில இருந்து நாலு பாகம் மேல வந்தா மறை மூண்டுதானே? ஏன் இதை ஒருத்தரும் எனக்கு இப்பிடிச் சொல்லித்தரேல்லை?"

அதை அவர் என்னிடம் கேட்கவில்லை. சுவரைப் பார்த்துத்தான் கேட்டார்.

பைதகரசின் தேற்றத்துக்கு ஏணியும் பனியும் எங்களிடம் இல்லை. கிழிந்த வலை இருந்தது. அக்கா வலையை மூன்று துண்டுகளாக வெட்டினார். மூன்றுக்கு மூன்று கண், நாலுக்கு நாலு கண், ஐந்துக்கு ஐந்து கண். கண்கள் சதுரமாக நிற்கும்படி சட்டத்தில் இழுத்துக் கட்டி, ஒரு செங்கோண முக்கோணியின் மூன்று பக்கத்திலும் மேசையில் பொருத்தினார். சின்ன இரண்டு துண்டுகளிலும் கண்ணுக்கு ஒன்றாகச் சிப்பி வைக்க வேண்டும். ஒன்பதும் பதினாறும். பிறகு எல்லாச் சிப்பியையும் எடுத்துச் செங்கோணத்துக்கு எதிரே செம்பக்கத்திலுள்ள பெரிய துண்டில் வைத்தால் ஒரு கண் மிச்சமில்லை, ஒரு சிப்பி மிச்சமில்லை. முதல் தடவை வைத்து முடித்தபோது அக்கா தன் கையைத் தானே தட்டிக்கொண்டார். பிறகு நம்பாமல் எல்லாவற்றையும் கொட்டி மறுபடியும் வைத்தார்.

பின்னங்களுக்கு மினக்கெட்டு ஒரு பெரிய அட்டவணை செய்தோம். பசை காயட்டுமென்று விறாந்தையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். தெருவெல்லாம் கட்டாக்காலியாகத் திரிகிற மன்னார்க் கழுதைகளைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். திரும்பி வந்தபோது அரையும் காலும் போய்விட்டன; அரைக்காலை மென்றுகொண்டு ஒரு கழுதை எங்களைச் சாந்தமாகப் பார்த்தது. அன்றைக்குப் பசையில் துருசு போட மறந்திருந்தோம். கழுதையின் நல்ல காலம்.

சமன்பாட்டுக்குத் தீப்பெட்டிகள் வைத்திருந்தோம். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரேயளவு புளியங்கொட்டை. மேசையில் இரண்டு பெட்டியும் மூன்று வெளிக்கொட்டையும். மறுபக்கம் பதினொரு கொட்டை. திறக்காமல் பெட்டிக்குள் எத்தனை என்று சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்குமுன் அக்காவே செய்து பார்த்தார். மூன்றை இரண்டு பக்கமும் எடுத்தார், மிச்ச எட்டை இரண்டாகப் பிரித்தார். "நாலு" என்றார். பெட்டியைத் திறந்து எண்ணினார். நாலு. நான் நிமிர்ந்து பார்த்தபோது கண் கலங்கியிருந்தது.

"என்ன அக்கா?"

"நான் ஓ லெவலில மற்ஸ் பெயில் பிள்ளை. ரெண்டு தரம்."

அன்றைக்குத்தான் அவருடைய கதை முழுவதும் எனக்குத் தெரிந்தது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு வள்ளத்தில் ஏறிக் குடும்பத்தோடு இராமேசுவரக் கரைக்குப் போனவர். முகாமில் வளர்ந்தவர். திரும்பி வந்து பரீட்சை எழுதியபோது மற்றப் பாடமெல்லாம் சித்தி, கணிதம் மட்டும் இல்லை. இன்னொரு தரம் எழுதினார், அதுவும் இல்லை. சித்திரம் கற்பிக்க ஊரில் ஆளில்லை என்று பங்குத் தந்தை கேட்டு வந்தவர், பதினாலு வருடமாக நியமனமில்லாத தொண்டர் ஆசிரியர். நிரந்தர நியமனத்துக்கு ஓ லெவல் என்கிற சாதாரண தரத்தில் கணிதம் வேண்டும். அதனால் எத்தனை நேர்முகம் வந்தாலும் இவருடைய விண்ணப்பம் வாசலோடு திரும்பிவிடும்.

"திருப்பி எழுதுங்கோ அக்கா" என்றேன்.

"என்ர பிள்ளையளோட ஒரே மண்டபத்தில இருந்தோ? சிரிப்பாளவை."

"சிரிக்கட்டும்."

ஒத்துக்கொண்டார். பள்ளி விட்டபிறகு பஸ் வரும்வரை ஒரு மணித்தியாலம் எங்களுக்குக் கிடைக்கும். அந்த அறையிலேயே இருந்து படித்தோம். அவருக்குப் பாடப்புத்தகம் தேவைப்படவில்லை. விளங்காத இடம் வந்தால் எழும்பிப் போய்ச் சுவரைத் தொட்டுப் பார்ப்பார். தான் கீறியதைத் தானே படிக்கிற மாணவி. பரிதியை விட்டத்தால் பிரித்தால் என்ன வருமென்று கயிற்றோடு பள்ளிக் கிணற்றைச் சுற்றி வந்தோம், பிறகு என் சோற்றுப் பெட்டி மூடியைச் சுற்றினோம். மூன்றும் கொஞ்சமும். "கிணத்துக்கும் மூடிக்கும் ஒரே கணக்கோ?" என்று அவர் கேட்ட குரலில் இருந்த வியப்பு, பட்டதாரியாகிய எனக்கு ஒருநாளும் வந்ததில்லை.

இனி நான் சொல்லப் போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை.

அந்த வருட நடுவில் கல்விக் கந்தோரிலிருந்து மேற்பார்வைக்கு வந்தார்கள். மூன்று பேர். அதிபர் அவர்களை நேரே எங்கள் அறைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். வந்தவர்கள் வாயைத் திறந்தபடி சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பெரியவர் சிப்பிகளை வலையில் வைத்துப் பார்த்துச் சின்னப் பிள்ளைபோலச் சிரித்தார். "இதெல்லாம் ஆர் செய்தது?" என்று கேட்டார்.

"எங்கட மற்ஸ் ரீச்சர்தான் சேர்" என்றார் அதிபர். அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. கணித அறை, ஆகவே கணித ரீச்சர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் சேவை அப்போது உறுதிப்படுத்தப்படவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் இடமாற்றமும் கேட்டிருந்தேன். இவையெல்லாம் பிறகு நான் தேடிக்கொண்ட காரணங்கள். அந்த நேரம் என் மனதில் இருந்தது வெறும் சந்தோசம்தான், புகழ்ச்சி இனித்தது. "ஓம் சேர்" என்றேன். "பிள்ளையளோட சேர்ந்து செய்தனான்."

அப்போது வாசலில் கோப்பைத் தட்டோடு ஸ்ரெல்லா அக்கா நின்றார். வெளியாட்கள் வந்தால் தேநீர் ஊற்றுவது தொண்டர் ரீச்சரின் வேலை. கேட்டிருப்பார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டு என்னிடமும் வந்து, "தேத்தண்ணியை எடுங்கோ ரீச்சர்" என்றார்.

எங்கள் இருவருக்குமிடையில் அவர் என்னை ரீச்சர் என்று கூப்பிடுவதை விட்டு மாதக்கணக்காகியிருந்தது.

பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த நாள் சொல்லலாம், பாராட்டுச் சான்றிதழ் வரும்போது இரண்டு பெயரும் போடச் சொல்லலாம். சான்றிதழ் வந்தபோது என் பெயர் மட்டும் தங்க எழுத்தில் இருந்தது. காலைக் கூட்டத்தில் தந்தார்கள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினார். அன்று பின்னேரமும் படிக்க வந்தார், வழமைபோல. என்னை மறுபடி பிள்ளை என்றார். நானும் நடந்ததை விழுங்கிவிட்டேன்.

மார்கழியில் பரீட்சை. தன் மாணவிகளுக்குப் பின்னால் கடைசி மேசையில் இருந்து எழுதினார். ஒருத்தியும் சிரிக்கவில்லை. முதல் நாள் ஒரு பிள்ளை தன் பேனையைக் கொடுத்து, "இது நல்லா எழுதும் ரீச்சர்" என்றாளாம். பெறுபேறு வந்தபோது நான் முருங்கனில் வீட்டில் இருந்தேன். அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "சி பிள்ளை. சி வந்திருக்கு" என்றார். பின்னால் அவருடைய அம்மா மாதாவுக்கு நன்றி சொல்லி அழுவது கேட்டது. நானும் அழுதேன். என் வாழ்க்கையில் நான் வாங்கிய எந்தப் பெறுபேறும் அந்த சி-க்கு ஈடில்லை.

சில மாதத்தில் தொண்டர் ஆசிரியர்களுக்கு நேர்முகம் வந்தது. வயதெல்லை நெருங்கியிருந்ததால் அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு. கத்தரிப்பூ நிறச் சேலை உடுத்திக்கொண்டு போனார். அடுத்த நாள் பள்ளிக்கு வந்தவரிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"கேட்டவை, பாடசாலைக்கு விசேசமா என்ன செய்தனீங்கள், சான்றிதழ் ஏதும் இருக்கோ எண்டு" என்றார். "கணித அறை செய்தனான் எண்டு சொன்னன். அண்டைக்கு வந்த பெரியவர் அங்க இருந்தவர். 'அது மற்ஸ் ரீச்சர் செய்ததல்லோ, நான் கண்ணால பாத்தனான்' எண்டார்."

"நீங்கள் என்ன சொன்னீங்கள்?"

"நான் என்னத்தைச் சொல்லுறது பிள்ளை? உங்களைப் பொய்காரி ஆக்கிறதோ?"

அவர் பொய் சொன்னவராக நேர்முக அறையிலிருந்து எழும்பி வந்திருக்கிறார். நான் பொய் சொன்னவளாகிவிடக் கூடாதென்று.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். உண்மை முழுவதையும் எழுதி, அரை நாள் லீவு போட்டு, கந்தோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கியவர் வாசித்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "புள்ளியெல்லாம் போட்டு அனுப்பியாச்சு மிஸ். இதை நீங்கள் முந்தியே சொல்லியிருக்க வேணும்" என்றார். பட்டியல் வந்தபோது ஸ்ரெல்லா அக்காவின் பெயர் இருக்கவில்லை. என் கடிதம் நேரத்துக்குப் போயிருந்தால் இருந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. தெரியாதென்பதால் ஆறுதல் கொள்ளலாமென்று சிலகாலம் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

அந்த வருடமே குவைத்துக்குப் பயணம் சரிவந்தது. வீட்டுவேலை. போவதற்கு முதல்நாள் அறையைக் கூட்டித் துடைக்க வந்தார். சிப்பிகளைக் கழுவி வெயிலில் காயவைத்தார். நான் பின்னாலேயே திரிந்தேன். கடைசியில், "அக்கா, நான் அண்டைக்கு உங்கட பேரைச் சொல்லியிருக்க வேணும்" என்றேன்.

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபமில்லை. "சொல்லியிருக்கலாம் பிள்ளை" என்றார். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அதைச் சொல்லாமல் விட்டதற்காக நான் இன்றும் அவரை மதிக்கிறேன்.

முதல் இரண்டு வருடம் அழைப்பு வரும். அங்கே அந்த வீட்டுப் பெண்பிள்ளை மறை எண் விளங்காமல் அழுததாம். இவர் தனக்குத் தெரிந்த அரை அரபியில், குளியலறைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, ஒரு கரண்டியைக் கீழே விட்டு மேலே இழுத்து விளக்கினாராம். "விளங்கீட்டுது பிள்ளை அவளுக்கு! என்னை உஸ்தாதா எண்டு கூப்பிட்டவள்" என்று சிரித்தார். அவர்கள் பாசையில் ரீச்சர் என்று அர்த்தமாம். பிறகு அழைப்புகள் குறைந்தன. அவருடைய அம்மாவின் செத்தவீட்டுக்கு நான் போனேன், அவரால் வர முடியவில்லை. அதற்குப் பிறகு அந்த இலக்கம் வேலை செய்யவில்லை. வேறு வீடு மாறிவிட்டார் என்றார்கள். இந்தியாவில் சொந்தக்காரரிடம் போய்விட்டார் என்றும் சொன்னார்கள். ஊரில் வீடு பூட்டிக் கிடக்கிறது. எனக்கு இடமாற்றம் கிடைத்து நகரத்துக்கு வந்துவிட்டேன்.

இரண்டு வருடத்துக்கு முன்பு பரீட்சைக் கடமைக்காக அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் திரும்பப் போக நேர்ந்தது. பழைய கட்டடம் இல்லை. அந்த இடத்தில் மாடிக் கட்டடம். கணித அறையில் இருந்த சாமான்கள் எங்கே என்று காவலாளியிடம் கேட்டேன். "பழசெல்லாம் ஒண்டாக் குவிச்சுக் கொழுத்தியாச்சு ரீச்சர். சிப்பியள் மட்டும் எரியேல்லை, அதை மண்ணோட அள்ளி அத்திவாரத்துக்குள்ள போட்டவங்கள்" என்றார்.

புதிய அதிபர் நல்ல மனிதர், இளையவர். அவரிடம் ஸ்ரெல்லா அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவருக்கு அப்படி ஒருவரைத் தெரியவில்லை. அலுமாரியைத் திறந்து ஆசிரியர் பதிவேட்டை எடுத்தார். பள்ளிக்கூடம் தொடங்கிய நாள் முதல் கற்பித்த எல்லாருடைய பெயரும் அதில் இருந்தது. ஆறே மாதம் இருந்துவிட்டுப் போனவர்கள்கூட இருந்தார்கள். என் பெயர், வந்த திகதி, போன திகதி. பக்கம் பக்கமாக விரலை வைத்துப் பார்த்தோம்.

"தொண்டர் ஆக்களை இதில பதியிறேல்லை ரீச்சர்" என்றார் அவர், கொஞ்சம் கூச்சத்தோடு.

ஸ்ரெல்லா அக்கா எத்தனை வருடம் இருந்தவர் என்று கேட்டார். சொன்னேன். பதிவேட்டை மூடி, புதிய கணித வகுப்பறையைப் பார்க்கும்படி கூட்டிக்கொண்டு போனார். விசாலமான அறை. ஒரு பக்கத்தில் ஸ்மார்ட் போட். மற்ற மூன்று சுவர்களும் வெள்ளை வெளேரென்று ஒன்றுமில்லாமல் இருந்தன. கதவுக்குப் பக்கத்தில் ஓர் அறிவித்தல்: சுவரில் எழுதுவதும் ஒட்டுவதும் தடைசெய்யப்பட்டுள்ளது.